மழைக்காலத்தில் வீட்டுக்குள் புலன் விளையாட்டு: அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

கேள்வி
இரு குழந்தைகளின் தாய், யாங்கூன்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் யாங்கூன் நகரத்தின் நடுப்பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறோம். மூத்தவளுக்கு இரண்டரை வயது, இளையவனுக்குப் பத்து மாதம். வைகாசியில் பிடிக்கும் மழை ஐப்பசி வரையில் விடாது என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். அத்தனை மாதங்களும் இரண்டு பிள்ளைகளும் முன்னறைக்கும் அடுப்படிக்கும் இடையிலேயே வளர வேண்டியிருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரங்களில் தொலைக்காட்சியும் கிடையாது. (அது ஒருவகையில் நல்லதுதான் என்று என் கணவர் சொல்கிறார்; பகலில் அவர் வீட்டில் இருப்பதில்லை.)

மூத்தவள் போகும் பாலர் பள்ளியில், தொட்டும் முகர்ந்தும் கேட்டும் பார்த்தும் பழகும் விளையாட்டு, அதாவது அவர்கள் சென்சரி பிளே என்று சொல்வது, வீட்டிலும் நாள்தோறும் இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தி, அதற்குரிய சாமான்கள் அடங்கிய வெளிநாட்டுப் பெட்டி ஒன்றின் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். அதன் விலை எங்கள் வீட்டின் ஒரு மாத அரிசிச் செலவைவிடக் கூடுதலாக இருக்கிறது. இதற்கிடையில் என் நாத்தனார், தண்ணீரில் போட்டால் கண்ணாடிக் கோலிபோல் உப்பும் வண்ண மணிகள் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அதை இன்னும் பிரிக்கவில்லை.

இணையத்தில் பார்த்ததை நம்பி, சென்ற வாரம் ஒரு தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி மூத்தவளை அதன்முன் உட்கார வைத்தேன். உடனே இரண்டு சிக்கல்கள் எழுந்தன. சோற்றுக்கு வைத்த அரிசியைக் காலில் மிதிபட விடுவது வீட்டுக்கு ஆகாது என்று என் மாமியார் வருத்தப்பட்டார். அவர் பேச்சு முடிவதற்குள், கை ஈரமாக இருந்ததால் அரிசி விரல்களில் ஒட்டிக்கொள்ள, மகள் கையை உதறிக்கொண்டு வீறிட்டு அழத் தொடங்கிவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். சோறு பிசைந்து ஊட்டினால் நன்றாகச் சாப்பிடுவாள், தானாகத் தட்டில் கை வைக்க மாட்டாள். இளையவன் இதற்கு நேர்மாறு. கையில் கிடைப்பதெல்லாம் அவன் வாய்க்குப் போகிறது.

பணம் அதிகம் செலவழிக்காமலும், மாமியார் மனம் கோணாமலும், இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஏற்றபடி வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அந்த மணிகளைப் பிரிக்கலாமா என்பதையும் தெரிவித்தால் நல்லது.


பதில் 1
ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை, யாங்கூன்

அன்புள்ள தங்கைக்கு, இருபது ஆண்டுகளுக்கு மேல் பாலர் வகுப்பில் இருந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். அதில் இருக்கும் கரண்டி, கிண்ணம், புனல், தானியம் எல்லாம் உங்கள் அடுப்படியில் ஏற்கெனவே இருக்கின்றன. உங்களிடம் இல்லாதது அதன் மேலட்டைப் படம் ஒன்றுதான்.

அரிசி விஷயத்தில் நான் உங்கள் மாமியார் பக்கம். ஒரு மழைக்காலத்தில், வண்ணம் ஏற்றிய அரிசியை வகுப்பில் வைத்திருந்தேன். சரியாகக் காயாமல் டப்பாவில் அடைத்ததால் சில நாட்களிலேயே பூசணம் பிடித்துவிட்டது. அவ்வளவையும் குப்பையில் கொட்டச் சொன்னபோது, அறையைப் பெருக்க வந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் அந்த டப்பாவையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட விதி, பிள்ளைகள் கைவைத்த தானியம் அன்றைக்கே உலைக்கோ பறவைக்கோ போய்ச் சேர வேண்டும் என்பது. தரையில் சிந்தியதைத் தெருமுனைப் புறாக்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் விளையாட்டின் பகுதியாகவே ஆகிவிட்டது. பிள்ளைகள் அதற்காகவே வேண்டுமென்று கொஞ்சம் சிந்தினார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே, விளையாட்டு என்று ஒன்றைத் தனியாக அமைக்காமல், எப்படியும் நடக்கப்போகிற வீட்டு வேலையில் ஒரு பங்கைக் குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள். நம் ஊரில் இன்றும் அரிசியைப் பால் டின்னால்தான் அளக்கிறோம், எட்டு டின் ஒரு பியி. அன்றைய உலைக்கு வேண்டிய அரிசியை அகன்ற பாத்திரத்தில் கொட்டி, வாய் விளிம்பைத் தட்டி மழுக்கிய ஒரு டின்னை அவளிடம் கொடுத்து, இந்தப் பாத்திரத்திலிருந்து அந்தப் பாத்திரத்துக்கு அளந்து போடச் சொல்லுங்கள். நிறைந்த டின்னின் கனம், காலி டின்னின் லேசு, தகரத்தில் அரிசி விழும் ஓசை, கையை உயர்த்தி ஊற்றினால் அந்த ஓசை மாறுவது ஆகியவை அனைத்தையும் அவள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே கவனிப்பாள். பிறகு அதே அரிசியை அவளே களையட்டும். தெளிந்த தண்ணீர் அவள் கை பட்டு வெள்ளையாக மாறுவதைவிடப் பெரிய வேடிக்கை இரண்டரை வயதில் இல்லை. கடைசியில் அது உலைக்குப் போகிறது. மாமியாருக்கும் குறை இருக்காது.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டு ரோம் நகரத்தின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறையில், சொரசொரப்பையும் வழவழப்பையும் விரலால் பிரித்தறியும் பலகைகளும், குலுக்கி ஓசையை இணைகாணும் பெட்டிகளும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் தண்ணீர் ஊற்றுவதும் மேசை துடைப்பதும் பெருக்குவதும். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்குப் பயிற்சி அளிக்க வந்து, இத்தாலி போரில் இறங்கிவிட்டதால் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கி ஏராளமான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்று மாண்டிசோரி என்ற பெயரில் கடைகளில் விற்கும் மரச்சாமான்களின் விலையைப் பார்க்கும்போது, தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறை இது என்பதை நினைத்து எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஒட்டும் பொருளைக் கண்டு அழும் பிள்ளையை ஒருபோதும் கையைப் பிடித்து உள்ளே அழுத்தாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். அதன் பிறகு அந்தக் குழந்தை மாதக்கணக்கில் களிமண் மேசைப் பக்கமே வரவில்லை. முதலில் உலர்ந்தவை, பிறகு லேசாக ஈரமானவை, கடைசியில் ஒட்டுபவை என்ற வரிசையில் போங்கள். முதலில் கரண்டியும் சல்லடையும் அவளுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கட்டும். அருகில் ஒரு நனைத்த துணியை வைத்து, எப்போது வேண்டுமானாலும் கையைத் துடைத்துக்கொள்ளலாம் என்று காட்டிவிடுங்கள். துடைக்கலாம் என்று தெரிந்த பிள்ளைக்குத் தொடுவதற்குத் துணிவு வரும். மெல்லத் தடவுவதைவிட அழுத்திப் பிசைவதை இத்தகைய பிள்ளைகள் எளிதாக ஏற்றுக்கொள்வார்கள் என்பதும் நான் பலமுறை கண்டது.

பிசைவதற்குக் கொழுக்கட்டை மாவைவிடச் சிறந்தது எதுவும் கிடையாது. ஒரு தம்ளர் அரிசி மாவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் தம்ளர் கொதிநீர், ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துக் கிளறி மூடி வையுங்கள். நன்றாக ஆறியதும் நீங்களே பிசைந்து பார்த்து, உள்ளே சூடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவளுக்கு ஓர் உருண்டை கொடுங்கள். எண்ணெய் சேர்ந்திருப்பதால் கையில் ஒட்டாது. வண்ணம் வேண்டுமானால் பீட்ரூட் சாறு போதும். சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்தால் நீலம் இறங்கும். ஆறியபின் அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். அதைக் காட்டினால் பெரியவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

இன்னும் ஒன்று. படம் எடுத்து அனுப்புவதற்காக எதையும் அமைக்காதீர்கள். படத்துக்கென்று அடுக்கியதைக் குழந்தை கலைத்தால் நமக்குக் கோபம் வரும். கலைப்பதுதான் அதன் வேலை.


பதில் 2
ஐந்து பேரப்பிள்ளைகளின் பாட்டி, தட்டோன் பக்கம்

உங்கள் கேள்வியை என் பேத்தி எனக்குப் படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது.

எங்கள் காலத்தில் இதற்குப் பெயர் இருந்ததில்லை. தவழுகிற பிள்ளையைக் களத்து மேட்டில் விட்டால் உமிக்குவியலில் புரண்டுகொண்டிருக்கும். நடக்கிற பிள்ளைக்கு மணலில் சிற்றில் கட்டுவதும் அதைக் காலால் அழிப்பதுமே பொழுது. உங்களுக்குக் களம் இல்லை, மணலும் இல்லை. ஆனால் கை இருக்கிறது. பிள்ளையின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் பருப்புக் கடைவதுபோல் அழுத்திக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி ஒவ்வொருவருக்கும் சோறு பங்கிட்டு, பிறகு நண்டு ஊருவதாகச் சொல்லிக் கை வழியே விரல்களை ஏற்றிக்கொண்டுபோய் அக்குளில் கூச்சம் காட்டும் விளையாட்டை உங்கள் மாமியார் கட்டாயம் அறிந்திருப்பார். அவரையே விளையாடச் சொல்லுங்கள். அழுத்துவதும் இருக்கிறது, லேசாகத் தொடுவதும் இருக்கிறது, எப்போது கூச்சம் வரும் என்று பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதும் இருக்கிறது. மடியில் உட்கார வைத்து முன்னும் பின்னும் சாய்ந்தாடுவதும், சேலையில் தொட்டில் கட்டி ஆட்டுவதும் அப்படித்தான்.

அடுத்தது தனக்கா, நாம் மரக்கட்டையைக் கல்லில் உரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்ளும் குழம்பு. உங்கள் வீட்டிலும் அந்த வட்டக் கல் இருக்கும். காலையில் நீங்கள் பூசிக்கொள்ளும்போது மூத்தவளையும் பக்கத்தில் உட்கார வைத்து, கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையை அவள் இரண்டு கையாலும் பிடித்து உரைக்கட்டும். உரைக்கும்போது கல் கரகரவென்று இருக்கும், இறங்கும் குழம்பு வழவழவென்று இருக்கும், கன்னத்தில் இட்டால் குளிர்ச்சி, காய்ந்தால் இறுக்கம், அத்துடன் அந்த வாசனையும் சேர்ந்துகொள்ளும். அழுகிற பிள்ளையாக இருந்தாலும், அம்மா பூசிக்கொள்வதைத் தானும் பூசிக்கொள்ள ஆசைப்படும். தன் கையால் தன் கன்னத்தில் இட்டுக்கொள்ளட்டும். நீங்கள் இட்டுவிட வேண்டாம்.

பொறுக்கிப் பிரிப்பதற்குப் புளியங்கொட்டையும் குன்றிமணியும் கொடுங்கள். சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணியைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் விடாது. என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.


பதில் 3
குழந்தைகள் பிரிவில் பணியாற்றிய செவிலி, யாங்கூன்

பாட்டியம்மாவுக்கு என் வணக்கம். தாங்கள் சொன்ன தனக்காவும் கைவிளையாட்டும் அருமையானவை. ஆனால் குன்றிமணியை மட்டும் தயவுசெய்து எந்தப் பிள்ளையிடமும் கொடுக்க வேண்டாம் என்று மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த விதைக்குள் அப்ரின் என்னும் கொடிய நச்சு இருக்கிறது. ஓடு கெட்டியானது என்பதால் முழுதாக விழுங்கினால் சில சமயம் தீங்கின்றி வெளியேறிவிடும். கடித்துவிட்டாலோ, மாலை கோப்பதற்குத் துளையிட்ட மணியாக இருந்தாலோ, உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பூசைக்குப் பறிக்கும் அரளிப்பூவும் நஞ்சுதான். பூ இதழ்களைக் கிண்ணத்தில் போட்டு விளையாட விடும் வீடுகளில் செம்பருத்தி, சாமந்தி, ரோசா ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: அந்த வண்ண மணிகளைப் பிரிக்க வேண்டாம், வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். அவை நீரை உறிஞ்சிப் பலமடங்கு பெருகும் ஒருவகைப் பாலிமர். மிளகளவு இருக்கும்போது விழுங்கிவிட்டால், குடலுக்குள் போய்ப் பெருத்து அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் தெரியாது என்பதால், வாந்தி எதனால் என்று கண்டுபிடிப்பதற்குள் நேரம் கடந்துவிடும். குழந்தைகள் இறந்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் பெரிய விற்பனை நிறுவனங்கள் குழந்தைகளுக்கென்று இவற்றை விற்பதையே நிறுத்திக்கொண்டன. தவழுகிற பிள்ளை உள்ள வீட்டில் ஒரு மணி கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டால், அதை முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். நாத்தனாரிடம் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். அதே வழவழப்பு வேண்டுமானால், ஜவ்வரிசியை உள்வெள்ளை மறையும் வரை வேகவைத்து ஆறிய தண்ணீரில் அலசிக் கொடுங்கள். வாயில் போட்டாலும் உணவுதான்.

புளியங்கொட்டை, பட்டாணி, கடலை ஆகியவற்றில் நச்சு இல்லாவிட்டாலும் வேறு ஆபத்து உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைச் சோதிக்க, ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அவர்களுக்கு ஆகாது. கழிப்பறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழல் அதைவிடச் சற்றே அகலமானது. எனவே அதற்குள் நுழையும் பொருளையெல்லாம் ஒதுக்கிவிட்டால் போதிய பாதுகாப்பு. பயறு வகைகளை மூக்கில் திணித்துக்கொண்டு வந்த பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பயறு மூக்கின் ஈரத்தில் ஊறி உப்பிவிடும். வீட்டில் கொண்டை ஊசியால் எடுக்க முயன்று இன்னும் உள்ளே தள்ளிவிட்டு வருவார்கள். அப்படி நேர்ந்தால் மூக்குக்குள் எதையும் நுழைக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். மூத்தவள் அரிசி அளக்கும்போது, இளையவன் தூங்கிக்கொண்டோ பாட்டியின் மடியிலோ இருக்கட்டும்.

வாசனை காட்டும் விளையாட்டுக்குக் கறிவேப்பிலை, கசக்கிய எலுமிச்சை இலை, சுக்கு, ஏலக்காய், காப்பித்தூள் ஆகியவற்றைத் துணியில் முடிந்து முகரக் கொடுங்கள். பூசையறைக் கற்பூரத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். சிறு குழந்தை ஒரு துண்டை விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். கற்கண்டு என்று நினைத்து வாயில் போடுவதும் நடக்கிறது. பச்சைக் கோதுமை மாவை வாயில் வைப்பதும் நல்லதில்லை, அதில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். ஆசிரியை அம்மா சொன்னதுபோல் கொதிநீரில் கிளறிய மாவு மேலானது. உப்பு மிகுதியாகச் சேர்த்துப் பிசையும் விளையாட்டு மாவை, எல்லாவற்றையும் தின்னும் வயதுப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது.

தண்ணீரில் விளையாட விட்டால், இரண்டு அங்குல ஆழத்திலும் தவழும் பிள்ளை மூழ்கும் என்பதை மறவாமல், கைக்கெட்டும் தூரத்தை விட்டு நகராதீர்கள். முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து வையுங்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது இந்த மாதிரித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான்.

கடைசியாக, இந்த விளையாட்டினால் மூளை இத்தனை மடங்கு வளரும் என்றெல்லாம் விளம்பரங்களில் வருவதைப் பொருட்படுத்த வேண்டாம். புலன்களை ஒருங்கிணைப்பது பற்றிய கருத்தை ஜீன் அயர்ஸ் என்னும் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் 1970-களில் விரிவாக எழுதி வைத்தார். அதை ஒட்டிய சிகிச்சைகளின் பலனுக்குச் சான்று குறைவு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல் பெற்றோருக்கு எடுத்துச்சொல்லும்படி அறிவுறுத்தியது. விளையாட்டு, விளையாட்டாக இருந்தால் போதும். உங்கள் மகள் கையில் ஒட்டுவதை வெறுப்பது இந்த வயதில் பரவலாகக் காண்பதுதான். அதோடு, பெரும்பாலான உணவுகளையே மறுப்பது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலிருப்பது, பேசிய சொற்களை இழப்பது என்று ஏதாவது இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.


பதில் 4
ஒரு தந்தை, மோல்மேன்

வணக்கம். நான் யாங்கூனில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் ஐந்தாவது மாடி என்றதும் கயிறு நினைவுக்கு வந்தது. கீழே நிற்கும் வியாபாரியிடம் காய்கறியோ பத்திரிகையோ வாங்க, பால்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்கித் தூக்குவோமே, அதையே வீட்டுக்குள் செய்து கொடுத்தேன். நாற்காலியின் முதுகுப்பக்கத்துக்கு மேலாக ஒரு கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் மூங்கில் கூடையைக் கட்டினேன். அதில் உருளைக்கிழங்கோ துணிப் பொட்டலமோ வைத்து, மறுமுனையைப் பையன் இழுப்பான். நாற்காலி கவிழாதபடி நான் அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். வேலை முடிந்து வந்த களைப்புக்கு அதைவிட ஏற்ற விளையாட்டு வேறு கிடையாது. தசையும் மூட்டும் எவ்வளவு இழுக்கிறோம் என்று உணர்வதும் ஒரு புலன்தான் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். துள்ளித் திரியும் பிள்ளை பத்து முறை கனம் இழுத்தபின் அமைதியாகிவிடுவதைக் கண்கூடாகப் பார்க்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள்: விளையாட்டு முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து உயரத்தில் வைத்துவிட வேண்டும், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். இந்த விளையாட்டைப் பழகிய பிள்ளை உண்மையான பால்கனிக் கயிற்றைத் தேடிப் போகும் என்பதால், அந்தக் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் இல்லாவிட்டால் தொடங்கவே வேண்டாம்.

பத்து மாதப் பிள்ளைக்குக் காலித் தண்ணீர்ப் போத்தல்களில் கொஞ்சம் அரிசி, கொஞ்சம் மணல், கொஞ்சம் வண்ணத் தண்ணீர் என்று தனித்தனியாகப் போட்டு, மூடியைப் பசை வைத்து இறுக்கி, அதன்மேல் ஒட்டுநாடாவும் சுற்றிக் கொடுத்தால், உருட்டியும் குலுக்கியும் நெடுநேரம் இருப்பான். மின்சாரம் போன மாலைகளில் கைவிளக்கை அந்தத் தண்ணீர்ப் போத்தலுக்குப் பின்னால் வைத்தால் சுவரெல்லாம் வண்ணம் ஆடும். மெழுகுவர்த்தி வேண்டாம்.


கேட்டவரின் மறுமொழி
இரு குழந்தைகளின் தாய், யாங்கூன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாட்கள் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். மணிகளைக் குப்பையில் போட்டுவிட்டேன். நாத்தனாரிடமும் விவரத்தைச் சொன்னபோது, அவர் தம் வீட்டில் வைத்திருந்த இன்னொரு பொட்டலத்தையும் எறிந்துவிட்டதாகத் தெரிவித்தார்.

அரிசி அளப்பது முதல் நாளே பிடித்துப்போனது. டின்னால் அளந்துவிட்டு, நிறைந்ததா என்று மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறாள். அவர் விரலால் மட்டம் தட்டிக் காட்ட, இப்போது இவளும் விரலால் மட்டம் தட்டுகிறாள். ஆனால் களையச் சொன்னால் வரவில்லை. மூன்று நாள் கரண்டியால் மட்டும் தண்ணீரைக் கலக்கினாள். நான்காம் நாள் கரண்டி உள்ளே நழுவி விழுந்தபோது, அதை எடுக்கக் கையை விட்டாள். எடுத்ததும் துணியில் துடைத்துக்கொண்டாள், அழவில்லை. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

கொழுக்கட்டை மாவு முதல் தடவை தோல்வி. நான் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டதால் பிசுபிசுவென்று இருந்தது, பார்த்ததுமே எழுந்து போய்விட்டாள். இரண்டாம் தடவை மாமியாரே கிளறினார். அந்த உருண்டையை அவள் ஒரே விரலால் குத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. பிறகு உருண்டை முழுவதும் குழிகளானது. அதைத் தன் தம்பிக்கு என்று தனியாக எடுத்து வைத்து, வேகவைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள்.

தனக்காவுக்குத்தான் எதிர்பாராத வரவேற்பு. உரைத்ததைத் தன் கன்னத்தில் இட்டுக்கொள்ளாமல் எனக்கும், பாட்டிக்கும், வீட்டில் உள்ள பொம்மைக்கும் இட்டாள். கை முழுவதும் குழம்பு, ஆனாலும் துணியைக் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. இளையவனுக்கு வேகவைத்த ஜவ்வரிசியைத் தட்டில் கொடுத்தபோது, விளையாடுவதைவிட அள்ளி அள்ளித் தின்பதிலேயே குறியாக இருந்தான். அதை விளையாட்டு என்று சொல்லலாமா, அல்லது வேறு ஏதாவது கொடுக்க வேண்டுமா?


பதில் 5
ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை, யாங்கூன்

பத்து மாதத்தில் வாய்தான் முதல் கை. உதடும் நாக்கும் விரல் நுனியைப்போலவே கூர்மையாகத் தொட்டறியும் இடங்கள். அவன் தின்றுகொண்டே ஆராய்ந்துகொண்டிருக்கிறான். அவனை நேராக உட்கார வைத்து, ஒரு நேரத்தில் ஒரு கைப்பிடி மட்டும், ஒன்றோடொன்று கட்டிகட்டாமல் உதிர்த்துக் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள். சர்க்கரையும் உப்பும் வேண்டாம், ஒரு வயது நிறையும் வரை தேனும் கூடாது. மாற்றாக, மசித்த வாழைப்பழத்தையும் வெந்த பூசணியையும் தட்டில் தனித்தனியாகத் தடவிவிட்டால், இரண்டையும் கலந்து தலையில் பூசிக்கொள்வான். குளிப்பாட்டுவதற்கு முன்பாகக் கொடுங்கள்.

தம்பிக்கென்று அவள் எடுத்து வைத்த கொழுக்கட்டையையும் சிறு சிறு துண்டாகப் பிய்த்து அவள் முன்னாலேயே அவனுக்குக் கொடுங்கள்.


பதில் 6
ஐந்து பேரப்பிள்ளைகளின் பாட்டி, தட்டோன் பக்கம்

செவிலியம்மா சொன்னதைப் பேத்தி படித்துக் காட்டினாள். அறுபது ஆண்டுகளாகக் கையில் வைத்துக்கொண்டிருந்ததில் இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாருக்குக் கண் வைப்பதற்காகத்தான் அந்த டப்பாவைச் சேர்த்து வைத்திருந்தேன். இரண்டு மணிகளை மட்டும் எடுத்துத் தாளில் மடித்துப் பீரோவின் மேல்தட்டில் பூட்டிவிட்டு, மற்றவற்றைக் குழி தோண்டி, கொதிநீர் ஊற்றிப் புதைக்கச் சொல்லியிருக்கிறேன். முளைத்துவிடும் என்று பேத்தி பயப்படுகிறாள்.


பதில் 7
குழந்தைகள் பிரிவில் பணியாற்றிய செவிலி, யாங்கூன்

பாட்டியம்மா, பேத்தி பயப்படுவது நியாயம்தான். அதன் ஓடு கெட்டியானது, வெந்நீர் பட்டால் சில விதைகள் இன்னும் எளிதாகவே முளைக்கும். புதைக்காமல், உடைக்காமல், கட்டிய பையில் போட்டு, பிள்ளைகள் கைபடாத குப்பையில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். இந்த ஆண்டுப் பிள்ளையாருக்கு இரண்டு மிளகு வைத்தாலும் கண் நன்றாகவே தெரியும்.